கணக்கு ஏன் சுற்றுகிறது? டிஸ்க்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரம் முன்பு உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் தேனிப் பக்கத்து வாசகர் ஒருவர், அலுவலகம் ஒன்றில் தன் பழைய கணக்கை எடுத்துத் தரச் சொல்லி அரை நாள் நின்ற கதையை எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே இருந்ததாம். ஊழியர்களுக்கு அக்கறை இல்லை என்று அவர் சொன்னார், சில நாள் கழித்து இன்னொருவர் மென்பொருளையே மாற்ற வேண்டும் என்று எழுதினார். இரண்டு பேரும் பட்ட சிரமம் உண்மைதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர் முகத்தையும் திரையில் சுற்றுகிற வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பல வருடம் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். காய் மேலே இருந்து வரும், ராஜகுமாரி, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று கேரளப் பக்கத்துத் தோட்டங்கள்தான் எங்களுக்குப் பிழைப்பு. காய் வந்ததும் எடை, ரகம், அன்றைய ரேட், அதற்கு முன் வாங்கிய முன்பணம், கழிவு எல்லாம் போட்டு ஒரு சீட்டு. சீசனில் இது விடியற்காலையில் ஆரம்பித்து இரவு வரை ஓடும். பத்து வருடச் சீட்டுகள் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கின்றன, எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் (தகவலைச் சேர்த்து வைத்துத் தேடித் தருகிற மென்பொருள்) 2017 பதிப்பில், மொத்தம் 7 ஜிபி. பெரிய கம்பெனிகளின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத 7 ஜிபிதான் எங்களை மூன்று வருடம் படுத்தி எடுத்தது.

ஒரு அக்டோபர் சாயங்காலம். சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், வயது எழுபது இருக்கும், பேங்கில் கேட்கிறார்கள் என்று ஐந்து வருடப் பற்றுவரவு கேட்டார். பில் போடுகிற பெண் அவர் பெயரை அடித்துத் தேதியைப் போட்டுப் பட்டனை அழுத்தினாள். திரை வெள்ளையாகிவிட்டது. நாற்பது விநாடிக்கு மேல் ஆகியும் வரவில்லை, பயந்துபோய் இன்னொரு தடவை அழுத்தினாள், அது இன்னும் கெடுத்தது. பின்னால் ஆறு பேர் சீட்டுக்கு நிற்கிறார்கள், அவர்கள் கணக்கும் நின்றுபோனது. பெரியவர் வாசலையும் கடிகாரத்தையும் பார்த்தார், மேலே போகிற பஸ் போய்விட்டது, அன்றிரவு போடியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கித்தான் போனார். எங்கள் முதலாளி நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பார்த்து "கை வேகம் பத்தலம்மா" என்று சொல்லிவிட்டார். அவள் கையில் என்ன இருக்கிறது? அவள் விரல் எடுத்துக்கொண்ட நேரம் மூன்று விநாடி. மீதி முழுவதும் அந்தப் பெட்டிக்குள்ளே நடந்தது. அவள் தலை குனிந்து நின்றது இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மென்பொருள் விற்றவர்களைக் கூப்பிட்டோம். அவர்கள் ஆள் மறுநாள் மதியம் வந்து அதே பெரியவர் பெயரை அடித்தார், முதல் தடவை மெதுவாக வந்தது, "இன்னொரு தடவை பாருங்க" என்று அழுத்தினார், பளிச்சென்று வந்தது. "சரியா இருக்கே சார்" என்றார். முதல் தடவை படித்தது மெமரியில் தங்கியிருக்கும், இரண்டாவது தடவை டிஸ்க் பக்கமே போகாது, அதனால்தான் அந்த வேகம் என்பது எனக்கு அப்போது தெரியாது. கம்ப்யூட்டரைப் புதிதாக ஆன் செய்த காலை நேரத்தில் வந்து பார்த்திருந்தால் அவருக்கும் புரிந்திருக்கும். கடைசியில் ரேம் (அந்த மெமரிதான்) கூட்டுங்கள் என்று சொல்லிப் போனார். 8 ஜிபி இருந்ததை 32 ஜிபி ஆக்கினோம். ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் பதிப்பு ஒப்பீட்டைப் படித்துப் பார்த்தேன். எக்ஸ்பிரஸ் 2017 பதிப்பு தகவலை மெமரியில் வைத்துக்கொள்ள எடுத்துக்கொள்வதே 1,410 எம்பி வரைதான். 32 இல்லை, 128 ஜிபி போட்டாலும் அது தொடப்போவதில்லை. இலவசப் பதிப்புக்கு அப்படி ஒரு வரம்பு இருப்பதில் தவறில்லை, ஆனால் ரேம் வாங்கச் சொன்னவர் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் அல்லவா? எங்களைப் போல எக்ஸ்பிரஸ் வைத்திருக்கும் சின்னக் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. 7 ஜிபி கணக்கில் 1,410 எம்பி போக மீதி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கிடம்தான் போய் நிற்க வேண்டும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகனிடம் போனில் புலம்பினேன். "மாமா, டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சுட்டு அந்தக் கணக்கை எடுங்க, என்ன ஏறுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். எடுத்தேன். கம்ப்யூட்டரின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று விண்டோஸ் காட்டும் பட்டியல் அது. பிராசஸர் 6 சதவீதம். மெமரி பாதிகூட நிரம்பவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் போய் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. ஆனால் விநாடிக்கு எத்தனை எம்பி படிக்கிறது என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அதுதான் எனக்குப் புதிராக இருந்தது. முழு மூச்சாக ஓடுகிற டிஸ்க் ஒரு எம்பிகூடப் படிக்காமல் என்ன செய்துகொண்டிருக்கிறது?

அவன் சொன்ன விளக்கத்தை எங்கள் கணக்கு மொழியிலேயே சொல்கிறேன். கடைகளில் இரண்டு நோட்டு வைப்போம், நாள்வழி ஒன்று, பேரேடு ஒன்று. நாள்வழியில் வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போவோம், இன்று காலை முதல் சீட்டு, அடுத்து இரண்டாவது என்று. பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். எங்கள் மென்பொருள் நாள்வழி மட்டும்தான் வைத்திருந்தது. பெரியவருடைய ஐந்து வருடச் சீட்டு கிட்டத்தட்ட 3,000 வரி, அந்த 3,000 வரியும் ஐந்து வருட நாள்வழியில் ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஆங்காங்கே கிடக்கின்றன. எந்தெந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு இண்டெக்ஸ் இருந்தது உண்மை. ஆனால் அது பக்க எண் எழுதிய துண்டுச் சீட்டு மாதிரி, பக்கத்தைப் புரட்டுகிற வேலை அப்படியே இருக்கிறது.

அந்தப் புரட்டலை ஹார்டு டிஸ்க் எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் எல்லாம் விளங்கும். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது, அதாவது விநாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. படிக்கிற முள் வேண்டிய தடத்துக்கு நகர 8, 9 மில்லி விநாடி, அப்புறம் வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே சுற்றி வரும்வரை சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி விநாடி. ஆக ஒரு பக்கம் புரட்ட 12, 13 மில்லி விநாடி, விநாடிக்கு 80 பக்கம். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு பக்கம் 8 கேபி, 80 பக்கம் என்றால் 640 கேபி. நான் பார்த்த அந்த எண்ணுக்கு விடை கிடைத்துவிட்டது. 3,000 பக்கத்தை 80 ஆல் வகுங்கள், முப்பத்தேழரை விநாடி வருகிறது. அந்தப் பெண் நின்ற நாற்பது விநாடி இதுதான். இதே டிஸ்க் ஒரு சினிமா கோப்பை நேராக ஒரே ஓட்டமாகப் படிக்கும்போது விநாடிக்கு 150 எம்பிக்கு மேல் படிக்கும். கடையில் வாங்கும்போது அட்டையில் போட்டுக் காட்டுவது அந்த வேகத்தைத்தான். கணக்கு வேலை அப்படி ஓடுவதில்லை, தாவித் தாவி ஓடுகிறது.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் போடுகிற எஸ்எஸ்டி தகவலைச் சிப்பிலேயே வைப்பது, அதில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. ஒரு பக்கம் எடுக்க 0.1 மில்லி விநாடி அளவில் ஆகும். நூறு மடங்குக்கு மேல் வேகம். என் மருமகன் ஒரு கணக்குச் சொன்னான், அதை இன்னும் மறக்கவில்லை. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ விநாடி, அதை ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், மேசை மேல் இருக்கும் நோட்டைக் கையில் எடுக்கிற நேரம். அந்தக் கணக்கில் எஸ்எஸ்டிக்குப் போய்வர பதினேழு நிமிடம், முக்குக் கடையில் டீ குடித்துவிட்டு வரலாம். ஹார்டு டிஸ்க்குக்குப் போய்வர முப்பத்துமூன்று மணி நேரம், போடியில் இரவு பஸ் ஏறிச் சென்னைக்குப் போய் ஒரு பகல் முழுக்க வேலை பார்த்து அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பி வருகிற நேரம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சென்னைப் பயணம், 3,000 வரிக்கு 3,000 பயணம்.

இன்னொன்றும் தேடிப் படித்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். உலகத்தின் முதல் ஹார்டு டிஸ்க்கை ஐபிஎம் 1956 செப்டம்பரில் அறிவித்தது. தேவிகுளம் பீர்மேடு யாருக்கு என்ற பேச்சு முடிந்து, இங்கே மலைக்கு நடுவே மாநில எல்லை நிலைத்த அதே வருடம். 24 அங்குல அகலத் தட்டு ஐம்பது, அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்து. ஓர் இடத்துக்கு முள் போய்ச் சேரச் சராசரியாக 600 மில்லி விநாடி. இன்றைக்கு ஒரே ஹார்டு டிஸ்க்கில் 20 டிபிக்கு (ஒரு டிபி 1,000 ஜிபி) மேல் கொள்கிறது, கொள்ளளவு பல லட்சம் மடங்கு கூடிவிட்டது. ஆனால் முள் போய்ச் சேரும் நேரம் ஐம்பது, அறுபது மடங்குதான் குறைந்திருக்கிறது. 7,200 சுற்று டிஸ்க் முதலில் வந்தது 1992இல், இன்றும் கடையில் விற்பது அதே 7,200தான். கொள்ளளவைப் பார்த்துப் பெரியது, புதியது என்று வாங்குகிறோம், ஒரு பக்கம் புரட்டுகிற வேகம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்தபின் ஹார்டு டிஸ்க் செருகுகிற அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு முழுக் கணக்கையும் அதற்கு மாற்றினோம். மென்பொருளில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. திங்கட்கிழமை காலை, ஆன் செய்த உடனே, மெமரியில் எதுவும் இல்லாத நேரத்தில், அந்தப் பெரியவர் பெயரையே அடித்துப் பார்த்தோம். ஒரு விநாடிக்குள் வந்தது. அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். முதலாளி அவளைக் கூப்பிட்டு "அன்னைக்கு சொன்னத மனசுல வச்சுக்காதம்மா" என்றார்.

எஸ்எஸ்டி வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று மட்டும் நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மாதக் கணக்கு அதற்குப் பிறகும் எட்டு, பத்து விநாடி எடுத்தது. முன்பு அரை நிமிடம், அதனால் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம், ஆனால் என் மருமகன் அந்தக் குவரியை, அதாவது டேட்டாபேஸிடம் மென்பொருள் கேட்கும் கேள்வியை, அனுப்பச் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு வரியிலும் தேதியிலிருந்து மாதத்தையும் வருடத்தையும் பிரித்தெடுத்து, "நீ அந்த மாதமா?" என்று கேட்டுக்கொண்டு போகிற மாதிரி எழுதியிருந்தார்கள். அப்படிக் கேட்டால் நோட்டு தேதி வரிசையில் இருந்தும் பயனில்லை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்த நோட்டின் 4 ஜிபியையும் படித்தே ஆக வேண்டும். ஹார்டு டிஸ்க் அதை விநாடிக்கு 150 எம்பி வீதம் படித்தது, எஸ்எஸ்டி 500 வீதம் படித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். முதல் தேதி முதல் கடைசித் தேதி வரை என்று நேராகக் கேட்கும்படி மாற்றியதும் கண் சிமிட்டுவதற்குள் வந்தது. அதே மாதிரி பற்றுவரவுக்கு மென்பொருள்காரர்களின் இளைஞர் ஒருவர் பிறகு ஒரு பேரேடு இண்டெக்ஸும் போட்டுக் கொடுத்தார், ஆள்வாரியாக, வேண்டிய கட்டங்களெல்லாம் அதிலேயே இருக்கும்படி. நேர்மையாகச் சொன்னால் அது முதலிலேயே இருந்திருந்தால் பழைய டிஸ்க்கிலேயே அந்தக் கணக்கு அரை விநாடியில் வந்திருக்கும். 3,000 வரியும் நாற்பது ஐம்பது பக்கத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் டிஸ்க்கை எதற்கு மாற்ற வேண்டும், இண்டெக்ஸ் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். எங்களிடம் இருக்கும் அறிக்கைகள் அறுபதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரேடு போட்டால் ஒரு சீட்டு எழுதும்போது அத்தனை பேரேட்டிலும் எழுத வேண்டும், அவை டிஸ்க்கில் அறுபது இடத்தில் கிடக்கும், சுற்றுகிற தட்டில் அப்போது பில் கவுண்டர் படுத்துவிடும். எஸ்எஸ்டியில் நாலைந்து இண்டெக்ஸ் கூடுதலாக வைத்தாலும் தாங்கும். குவரி எழுதுகிறவரும் டிஸ்க் வாங்குகிறவரும் தனித்தனியாக யோசித்தால் இப்படித்தான் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கிழியும்.

எழுதுகிற வேலையில் இன்னொரு சங்கதி. ஒவ்வொரு சீட்டும் உறுதியாகப் பதிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் சொல்வதற்கு முன், நடந்ததை வரிசையாகக் குறித்து வைக்கும் அதன் லாக் கோப்பில் எழுதி, டிஸ்க் "எழுதிவிட்டேன்" என்று பதில் சொல்லும்வரை காத்திருக்கும். கரண்டு போனாலும் சீட்டு போகக் கூடாது என்பதற்காக. சுற்றுகிற தட்டில் அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய ஒரு சுற்று, விநாடிக்கு 120 சுற்றுதான் இருக்கிறது, ஆக அதற்கு மேல் பதிய முடியாது. வருட முடிவில் இருப்பெடுக்கும்போது 6,000 வரி ஏற்றுவோம், மென்பொருள் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக உறுதி செய்துகொண்டிருந்தது. 6,000 வரிக்குக் குறைந்தது 50 விநாடி, முள் லாக்குக்கும் கணக்குக்கும் நடுவே அலைவதையும் சேர்த்தால் மூன்று நான்கு நிமிடம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு தடவை மட்டும் உறுதி செய்யும்படி அதே இளைஞர் மாற்றினார், இரண்டு மூன்று விநாடியில் முடிந்தது. அவரிடம் முதலிலேயே டிஸ்க்கைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் முதலிலேயே அப்படி எழுதியிருப்பார். அவர் கணினியில் எஸ்எஸ்டி இருந்தது, அவருக்கு எந்தத் தாமதமும் தெரியவில்லை.

அடுத்தது நாங்கள் வாங்கிய அடி. முதலில் போட்ட எஸ்எஸ்டி சந்தையில் இருப்பதிலேயே மலிவானது. அடுத்த ஆகஸ்ட், மேலே சாரல், காற்று, இங்கே கரண்டு போய்ப்போய் வந்தது, யுபிஎஸ் பேட்டரி செத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லாம் அணைந்தது. திரும்ப ஆன் செய்தால் டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் "சஸ்பெக்ட்" என்று நிற்கிறது, திறக்கவில்லை. முந்தின இரவு எடுத்த பேக்கப்பை ஏற்றி, அன்று காலையிலிருந்து போட்ட சீட்டுகளைக் கார்பன் நகலைப் பார்த்து மறுபடி அடித்தோம், இரவு பதினொரு மணி ஆனது. எஸ்எஸ்டிக்கு உள்ளேயும் ஒரு தற்காலிக மெமரி இருக்கிறது, தகவல் அங்கே வந்து தங்கிப் பிறகுதான் உண்மையான இடத்துக்குப் போகும். கரண்டு நின்ற கணத்தில் அங்கே இருந்தது போய்விடலாம். சர்வருக்கென்று செய்கிற எஸ்எஸ்டிகளில் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள், கரண்டு போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கிற அளவுக்கு அவை தாக்குப்பிடிக்கும். அதனால் இன்னொரு லாபமும் உண்டு, அந்தத் தற்காலிக மெமரியில் வந்ததையே "எழுதிவிட்டேன்" என்று தைரியமாகச் சொல்லலாம், லாக் எழுதுகிற காத்திருப்பு பல மடங்கு குறைந்துவிடும். இப்போது அப்படிப்பட்டதுதான் வைத்திருக்கிறோம். விலை கூடத்தான். அன்றைக்கு ராத்திரி எங்களோடு உட்கார்ந்து சீட்டு அடித்திருந்தால் யாரும் விலை பேச மாட்டார்கள்.

மலிவானவற்றில் ஒரே அறையில் நான்கு பிட் அடைக்கிற வகை ஒன்று உண்டு, கியூஎல்சி என்பார்கள். கொஞ்ச தூரம் வேகமாக எழுதும், முன்னால் ஒதுக்கி வைத்த வேகமான பகுதி நிரம்பியதும் சடாரென்று விழுந்துவிடும், சில நேரம் ஹார்டு டிஸ்க்கைவிடக் கீழே. வீட்டில் போட்டோ வைக்க நல்லது. ஹார்டு டிஸ்க்கிலும் அப்படி ஒன்று உண்டு, எஸ்எம்ஆர் என்று பெயர், ஓட்டு வீட்டில் ஓடு வேய்கிற மாதிரி ஒரு தடத்தின் விளிம்பில் அடுத்த தடம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடு ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஏறிய ஓடுகளையெல்லாம் எடுத்து அடுக்க வேண்டும் இல்லையா, அதே கதைதான். நேராக எழுதிக்கொண்டு போகிற பேக்கப்புக்குச் சரி, அங்கங்கே திருத்தி எழுதுகிற டேட்டாபேஸுக்கு வைக்கவே கூடாது. 2020இல் சில நிறுவனங்கள் இந்த வகையை வெளியே சொல்லாமலே விற்றது தெரியவந்து பெரிய பேச்சானது.

சாட்டாவுக்குப் பதில் வேறு முறையில் இணையும் புதிய வகை எஸ்எஸ்டியான என்விஎம்இ வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பழைய சாட்டா முறையில் ஒரே வரிசை, அதில் 32 வேலை நிற்கலாம். என்விஎம்இ விதிமுறையில் 64,000க்கு மேல் வரிசைகளே வைத்துக்கொள்ளலாம். நூறு பேர் ஒரே நேரத்தில் கணக்குக் கேட்கிற இடத்தில் இது வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். எங்களைப் போல ஐந்து கவுண்டர் என்றால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வந்ததுதான் பெரிய தாவல், அதற்கு அடுத்த தாவல் கண்ணுக்கே தெரியாது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது என்விஎம்இ வந்தால் வரட்டும். இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்காதீர்கள்.

கம்பத்தில் திராட்சை மண்டி ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கும் நண்பர் போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல் என்ற வேறொரு டேட்டாபேஸ் வைத்திருக்கிறார். அவரும் எஸ்எஸ்டிக்கு மாறினார், ஆனாலும் ஒரு குவரி இண்டெக்ஸைத் தொடாமல் முழு நோட்டையும் படித்துக்கொண்டிருந்தது. அந்த டேட்டாபேஸ் எந்த வழியில் போவது என்று தானே கணக்குப் போடும், தாவிப் படிக்கும் பக்கத்துக்கு 4, நேராகப் படிக்கும் பக்கத்துக்கு 1 என்று அதன் இயல்பான மதிப்பு இருக்கிறது, அது சுற்றுகிற தட்டை மனதில் வைத்துப் போட்டது. டிஸ்க் மாறியது அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அந்த 4 ஐ 1.1 ஆக்கியதும் குவரி இண்டெக்ஸ் வழியாகப் போனது. ஒரு வரி மாற்றம், ஆனால் அந்த வரியைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கிளவுடில், அதாவது இணையம் வழியாக வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில், வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று நினைப்பதும் சரியல்ல. அங்கேயும் யாரோ ஒருவருடைய டிஸ்க்தான், விநாடிக்கு எத்தனை தடவை தொடலாம் என்று அளந்துதான் தருவார்கள். அமேசான் கிளவுடின் gp2 என்ற பழைய வகை டிஸ்க்கில் ஒரு ஜிபிக்கு 3 வீதம், குறைந்தது 100. 20 ஜிபி எடுத்தவருக்கு நிலையாகக் கிடைப்பது 100, ஏறக்குறைய எங்கள் பழைய ஹார்டு டிஸ்க். gp3 வகையில் சின்ன டிஸ்க்குக்கும் 3,000 தருகிறார்கள். எதை எடுத்திருக்கிறோம் என்று பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆக, நான் கேட்பது இதுதான். அலுவலகம் ஒன்றில் கணக்கு வரத் தாமதமானால் ஊழியரையோ மென்பொருளையோ திட்டுவதற்கு முன் யாராவது ஒருவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசஸர் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று பார்க்கட்டும். ஐந்து நிமிட வேலை, காசு இல்லை. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் எண்களையும் கூடவே பார்க்கட்டும், சாகப்போகிற ஹார்டு டிஸ்க் கெட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று இதேபோல் இழுக்கும், அதை மெதுவாக இருக்கிறது என்று விட்டுவிட்டால் ஒருநாள் மொத்தமும் போகும். கம்ப்யூட்டர் வாங்க விலை கேட்கிற அலுவலகங்கள் "1 டிபி" என்று மட்டும் எழுதாமல், அது சுற்றுகிற தட்டா எஸ்எஸ்டியா, கரண்டு போனால் தாங்கும் பாதுகாப்பு உண்டா என்று எழுதிக் கேட்க வேண்டும். 1 டிபி என்று மட்டும் கேட்டால் மலிவான தட்டைத்தான் வைத்துத் தருவார்கள், விற்பவரைக் குறை சொல்ல முடியாது, நாம் கேட்டதைத் தந்திருக்கிறார்.

உங்கள் நாளிதழில் சனிக்கிழமை வருகிற கணினிப் பக்கத்தில் போன் கேமராவைப் பற்றியும் லேப்டாப் எடையைப் பற்றியும் நிறைய வருகிறது. ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். உரக்கடை, நகைக்கடை, பால் சொசைட்டி, பள்ளிக்கூட ஆபீஸ் என்று இந்த மலையடிவாரம் முழுக்க இதே மாதிரிப் பெட்டிகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கு முன்னாலும் ஒரு பெண்ணோ பையனோ திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மார்ச் கணக்கு முடிப்புக்கு முன்னால் வெளிவந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஏலக்காய்க் கடைக் கணக்கர்,
போடிநாயக்கனூர்.